அன்பரசி எழுதிய ஷிப்ட் அட்டை

அன்பரசி யார் என்று கேட்டால் ஈச்சந்தாங்கலில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். கட்டைவண்டி வகையறா மாணிக்கத்தின் மூன்றாவது பெண் என்பார்கள் சிலர். பத்திரிகைக்குப் பேர் எழுதுகிறவள் என்பார்கள் மற்றவர்கள். இரண்டாவதைச் சொன்னால்தான் சட்டென்று ஆள் பிடிபடும்.

அவள் படித்தது எட்டாவது வரைக்கும்தான். ஆனால் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். யார் வீட்டில் கல்யாணம் வைத்தாலும் பத்திரிகைக் கட்டை அவள் மடியில் கொண்டுவந்து போடுவார்கள். உறைமேல் பேர் எழுதுவது லேசுப்பட்ட வேலை இல்லை. அண்ணன் உயிரோடு இருக்கும்போது தம்பி பேரை முன்னால் எழுதிவிட்டால் அந்த வீட்டிலிருந்து ஒருத்தரும் வரமாட்டார்கள். சம்பந்தி வீட்டு உறையை மறந்துவிட்டால் பந்தலிலேயே சண்டை வரும். யாருக்கு யார் பங்காளி, யார் தாய்மாமன், எந்த வீட்டுப் பெண் எந்த ஊருக்கு வாக்கப்பட்டாள் என்பதெல்லாம் பதினைந்து வயதுக்குள் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. முந்நூறு குடும்பம் இருக்கும். அத்தனை உறை எழுதினாலும் அவள் வீட்டுக்கு மட்டும் யாரும் உறை எழுதச் சொன்னதில்லை. "உனுக்கு இன்னாத்துக்கும்மா பத்திரிக? நீதான எழுதிகினு கீற" என்று சொல்லிவிடுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே அடுத்த உறையை எடுப்பாள்.

பத்தொன்பது வயதில் பக்கத்து ஊரான அல்லிக்குளத்தில் மூக்குத்தி வகையறா கலைவாணனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். இந்த இரண்டு வகையறாவும் மூன்று தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறவை. அதனால் பிறந்த வீட்டுப் பக்கம், புகுந்த வீட்டுப் பக்கம் இரண்டும் அவள் விரல் நுனியில் நின்றன. கலைவாணன் சிறுசேரி கம்பெனிகளுக்கு வண்டி ஓட்டுகிறவன். கம்பெனிக்காரர்கள் தூங்கும் நேரத்தில் விழித்திருப்பான், அவர்கள் விழித்திருக்கும் நேரத்தில் பாதி நாள் தூங்குவான்.

ஒன்பது வருஷம் கழித்துப் பொன்னி பிறந்தாள். குக்கர் விசில் அடித்தாலும் திரும்பிப் பார்க்காத குழந்தை. இரண்டு வயதில்தான் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. அரசாங்கக் காப்பீட்டில் ஆபரேஷன் செய்து காதுக்குள் கருவி வைத்தார்கள். அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பதரைக்குச் செங்கல்பட்டில் பேச்சுப் பயிற்சி. பயிற்சி கொடுக்கிற ஜோதிலட்சுமி டீச்சர் முதல் நாளே பட்டென்று சொல்லிவிட்டாள்.

"மெஷின் கேக்க மட்டும்தாம்மா வைக்கும். பேச வைக்கிறது நம்ம வேலை. அஞ்சு, ஆறு வயசு வரைக்கும் ஒரு கிளாஸ் விடக்கூடாது. அப்புறம் வந்து அழுதாலும் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அன்பரசி விடவில்லை. விட்டதெல்லாம் வேலையைத்தான். மாஸ்க் தைக்கிற கம்பெனியை விட்டாள். பள்ளிக்கூடத்து ஆயா வேலையை விட்டாள். கடற்கரை ரிசார்ட்டில் கூட்டிப் பெருக்குகிற வேலையையும் விட்டாள். எல்லா இடத்திலும் காலை எட்டு மணிக்குக் கை ரேகை வைக்க வேண்டும். செவ்வாய், வெள்ளி என்று அவள் வாயைத் திறந்தாலே கேட்டைக் காட்டினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில் கார்த்தி லாண்டரி ஆரம்பித்தான். கூடுவாஞ்சேரிக்காரன். முப்பத்து நான்கு வயது. சிறுசேரியில் பத்து வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, கடற்கரை ரிசார்ட்டுகளின் பெட்ஷீட்டையும் டவலையும் துவைத்துத் தருகிற தொழிலில் இறங்கியிருந்தான். பழைய கம்பெனியில் வீட்டிலிருந்தும் வேலை பார்த்தவன், பதினொரு மணிக்குப் போயும் பார்த்தவன். அந்த வழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தான்.

"துணி வீட்டுக்குப் போகாது, அதனால நீங்க இங்க வந்துதான் ஆகணும். ஆனா எப்ப வர்றீங்கன்னு நீங்களே சொல்லுங்க. ஆறுலேர்ந்து ரெண்டு, இல்ல பன்னெண்டுலேர்ந்து எட்டு. மாத்திக்கணும்னா ரெண்டு நாள் முன்னாடி சொல்லிட்டா போதும்" என்றான்.

அன்பரசி அந்தப் பேச்சை முடிக்கவிடாமல் பேர் கொடுத்தாள். செவ்வாயும் வெள்ளியும் மதியம், மற்ற நாளெல்லாம் காலை. முப்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேர் அல்லிக்குளம், பாதிப் பேர் ஈச்சந்தாங்கல்.

மேற்பார்வைக்கு வாசுதேவன் வந்தார். கல்பாக்கத்தில் ஒரு கேன்டீன் ஸ்டோரில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதில் ஒரு நாள்கூட ஸ்டாஃப் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை என்பதை, கேட்காதவர்களுக்கும் சொல்வார். அவருக்குக் கார்த்தியின் ஏற்பாடு பிடிக்கவே இல்லை.

"அவனவன் இஷ்டத்துக்கு வர்றதுக்கு இது கம்பெனியா, கல்யாணப் பந்தியா?" என்பார்.

இருந்தாலும் நான்கு மாதம் நன்றாகவே ஓடியது. அன்பரசி மடிப்பு மேசையில் நின்றாள். பயிற்சி வகுப்பில் பொன்னி "ப்பா", "மா" என்பதைத் தாண்டி, "அத்த" என்கிற அளவுக்கு வந்துவிட்டாள். பேச்சு வராத குழந்தைக்கு அத்தை, மாமா என்று உறவுமுறையில் தொடங்குவது சுலபம் என்று டீச்சர்தான் சொல்லியிருந்தாள். பிறகு பொன்னிக்கு எதிரே வந்த ஆண், பெண், ஆட்டுக்குட்டி எல்லாமே அத்தைதான்.

ஆவணி மாதத்தின் முதல் சனிக்கிழமை வந்தது. மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் பெரிய கல்யாணம். அறுநூறு பெட்ஷீட் மதியத்துக்குள் போயாக வேண்டும். காலை ஆறு மணிக்குப் பதினைந்து பேர் வரவேண்டிய இடத்தில் மூன்று பேர் வந்தார்கள். துவைக்கிற மெஷினைப் பார்க்கும் ஜெரோம் வந்தான். அவன் மாதா கோயில் தெருக்காரன். அன்பரசி வந்தாள். வயதான கல்யாணி வந்தாள், அதுவும் காது குத்துக்குப் புடவை கட்டிக்கொண்டு, சொல்லிவிட்டுப் போகத்தான்.

அல்லிக்குளத்தில் மூக்குத்தி வகையறா வீட்டில் அன்றைக்குக் காது குத்து. ஜெரோமைத் தவிரக் காலை ஷிப்டில் இருந்தவர்கள் எல்லாரும் அந்த வகையறா. அன்பரசியும் அந்த வகையறா மருமகள்தான், சாப்பாட்டுக்குப் போய்க்கொள்ளலாம் என்று வேலைக்கு வந்திருந்தாள். ஒரே ஷேர் ஆட்டோவில் வருவதற்குத் தோதாக எல்லாரும் ஒரே நேரத்தைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். இரண்டு நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதை ஒவ்வொருத்தியும், நாம் ஒருத்திதானே என்று சொல்லாமல் விட்டிருந்தாள்.

அன்றைக்குக் கார்த்தியே மடிப்பு மேசைக்கு வந்தான். நான்கு மூலையிலும் ரப்பர் வைத்த பெட்ஷீட் ஒன்றை எடுத்து அப்படியும் இப்படியும் புரட்டி, கடைசியில் அதைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டு நின்றான்.

"சார், அது பெட்டுக்குப் போடறது" என்றாள் அன்பரசி.

"தெரியும்மா. உள்ள இருந்து மூலை எங்கன்னு தேடுறேன்."

ஜெரோம் மெஷினுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தான். லோடு மூன்று மணி நேரம் தாமதமாகப் போனது. ரிசார்ட் மேனேஜர் போனில் பேசியது வாசல்வரை கேட்டது.

அடுத்த வியாழக்கிழமை ஈச்சந்தாங்கலில் ஒரு பெரியவர் இறந்தார். மதிய ஷிப்டில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கட்டைவண்டி வகையறா. பன்னிரண்டு மணிக்கு வாசுதேவன் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஒரு நாய்தான் உள்ளே வந்தது.

மறுநாள் சுவரில் தாள் ஒட்டப்பட்டது. வருகிற ஒன்றாம் தேதி முதல் எல்லாருக்கும் காலை எட்டு முதல் மாலை ஐந்து. மாற்றிக்கொள்ளும் பேச்சு கிடையாது. அதற்குக் கீழே வாசுதேவன் ஒரு மின்சார மணியை மாட்டி, இரண்டு தடவை அடித்தும் பார்த்துக்கொண்டார்.

அன்பரசிக்கு அந்த மணி வயிற்றில் அடித்தது. எட்டு முதல் ஐந்து என்றால் செவ்வாய் இல்லை, வெள்ளி இல்லை. வேலையை விட்டால் வீட்டுச் செலவுக்கும் கருவியின் பேட்டரிக்கும் கலைவாணனின் ஒரு சம்பளம் போதாது. பயிற்சியை விட்டால் பொன்னிக்கு "அத்த" என்பதோடு பேச்சு நின்றுபோகும். நேரே அலுவலக அறைக்குப் போனாள். கார்த்தி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். வாசுதேவன் பக்கத்தில் நின்றார்.

"சார், எனுக்கு மட்டும் ரெண்டு நாளு..."

"உனக்கு மட்டும்னு ஒண்ணு கெடையாதும்மா" என்றார் வாசுதேவன். "இன்னைக்கு உனக்குக் குடுத்தா நாளைக்கு முப்பது பேர் வருவாங்க. பத்து நாள்ல ரெண்டு ஷிப்ட் காலி. நாங்க இன்னா, சத்திரமா நடத்துறோம்?"

அவர் கையில் இரண்டு ஷிப்டின் பட்டியல் இருந்தது. அன்பரசி அதை எட்டிப் பார்த்தாள். முதலில் முகம் சுருங்கியது, பிறகு சிரித்துவிட்டாள்.

"யாரு சார் இத எழுதினது?"

"நான்தான். ஏன்?"

"ஒரே வகையறாவ ஒரே ஷிப்ட்ல கோத்துட்டு, ஆளு வர்ல வர்லன்னா எப்புடி சார் வரும்? இது ஷிப்ட் லிஸ்ட் இல்ல, பந்தி லிஸ்ட். இத அப்புடியே எடுத்துகினு போய்ப் பத்திரிக குடுக்கலாம்."

கார்த்தி நிமிர்ந்தான். "அவங்களாதானேம்மா கேட்டாங்க?"

"ஆட்டோவுக்காவக் கேட்டாங்க சார். உங்களுக்குத் தெரியாது, அவங்க யோசிக்கல. மூக்குத்தியப் பாதி இங்க, பாதி அங்க போடுங்க. கட்டைவண்டியும் அப்புடியே. ஆட்டோ ரெண்டு ஊரையும் சுத்திகினு வந்தா கால் மணி நேரம்தான் கூடும். ஒரு வூட்ல விசேஷம்னா பாதிதான் போவும். அதுலயும் போயே ஆவணும்னு கீறது நாலு பேர்தான். தாய்மாமன் பொண்டாட்டி போவணும். கூடப் பொறந்தவ போவணும். மத்தவங்க சாப்பாட்டுக்குத்தான் போறாங்க. சாப்பாடு ரெண்டு மணிக்கு அப்புறமும் கீது."

"அட்ரஸ் பார்த்து நானே பிரிச்சுப் போடறேன்" என்றார் வாசுதேவன்.

"அட்ரஸ் பாத்தா ஆவாது சார். பொம்பளைக்கு ரெண்டு வூடு. ரேணுகா ஈச்சந்தாங்கல்ல குடும்பம் நடத்துறா, பொறந்தது அல்லிக்குளம். அவளுக்கு ரெண்டு பக்கமும் விசேஷம். நீங்க ஒரு பக்கம்தான் பாப்பீங்க."

வாசுதேவன் விடவில்லை. "செத்துப் போறதுக்கும் நீ அட்டவணை போடுவியா?"

"யாரு எப்ப சாவாங்கன்னு எனுக்குத் தெரியாது சார். யாரு செத்தா யாரு போவாங்கன்னு தெரியும்."

கார்த்தி அவர் கையிலிருந்த பட்டியலை வாங்கிப் பார்த்தான். பிறகு, "ஒண்ணாம் தேதிய பதினஞ்சாம் தேதி ஆக்குறேன். ரெண்டு வாரம் உன் லிஸ்ட்படி ஓடட்டும். ஒரு லோடு லேட் ஆச்சுன்னாலும் மணிதான். சரியா?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அன்பரசி ஒரு பழைய காலண்டர் அட்டையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். பொன்னியின் கலர் பென்சில்கள்தான் கருவி. ஒவ்வொரு பெண்ணின் பேருக்கும் இரண்டு கோடு. பிறந்த வீட்டுக்கு ஒரு நிறம், புகுந்த வீட்டுக்கு ஒரு நிறம். கட்டைவண்டி சிவப்பு, மூக்குத்தி பச்சை, ஜெரோம் மாதிரி தனியாக வந்தவர்களுக்கு மஞ்சள். ஒவ்வொருத்திக்கும் எதிர்ப்பக்கத்து வகையறாவில் ஒரு ஜோடி. ஒருத்தி போனால் அவள் ஜோடி வந்து நிற்க வேண்டும். பதினைந்து ஜோடி சரியாக விழுந்தது. அட்டையின் அடியில் வரப்போகிற விசேஷங்களையும் எழுதினாள். யாருக்கு ஏழாம் மாதம், எந்த வீட்டுக்குக் கிரகப்பிரவேசம், இரண்டாவது வெள்ளி சித்தப்பா மகன் குமாருக்குத் திருக்கழுக்குன்றத்தில் கல்யாணம். அதற்குப் போக வேண்டியவர்கள் ஆறு பேர், வந்து நிற்க வேண்டியவர்கள் ஆறு பேர். எல்லாம் எழுதி முடித்ததும் அட்டையை எடுத்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். கோலம் போட்ட மாதிரி இருந்தது.

முதல் வாரம் ஒரு வளைகாப்பு வந்தது. நான்கு பேர் போனார்கள், நான்கு பேர் வந்து நின்றார்கள். லோடு கால் மணி நேரம் முன்னதாகவே போனது. வாசுதேவன் மணியைத் துணியால் துடைத்து வைத்தார், அடிக்கவில்லை.

இரண்டாவது வாரம் புதன்கிழமை. ரேணுகா அட்டைக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கலைவாணனுக்குத் தங்கைமுறை.

"அண்ணி, உன் ஜோடி யாரு?"

"எந்த ஜோடி?"

"இதுல உன் பேரே காணோமே. முப்பது பேர்தான் கீது."

அன்பரசி வந்து பார்த்தாள். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை. இல்லை. இருபது வருஷமாக உறை எழுதிய கை, எழுதுகிறவள் வீட்டை விட்டுவிட்டே எழுதிப் பழகியிருந்தது. குமாருக்குக் கூடப்பிறந்த அக்கா தங்கை கிடையாது. தாலியில் மூன்றாவது முடிச்சு போட வேண்டிய நாத்தனார் அவள்தான். வெள்ளிக்கிழமை ஆறிலிருந்து ஏழரை முகூர்த்தம். ஒன்பதரைக்குச் செங்கல்பட்டில் பொன்னிக்குப் பயிற்சி. பன்னிரண்டுக்கு மடிப்பு மேசை. அன்றைக்குத்தான் அந்தக் கோபக்கார ரிசார்ட்டின் லோடு, ஆறு மணிக்குள். கல்யாணத்துக்கு ஆறு பேர் போவதால் அவரவர் ஜோடி எல்லாம் ஏற்கெனவே வந்து நிற்கிறார்கள். வழியில் தாமதமானால் அவள் இடத்தில் வந்து நிற்க மிச்சம் ஒருத்தரும் இல்லை.

"ஊருக்கெல்லாம் கோடு போட்டியே அண்ணி, உனுக்கு நீயே பத்திரிக வச்சுக்கல பாரு" என்று ரேணுகா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அன்பரசிக்கும் சிரிப்பு வந்தது. கூடவே வியர்த்தது. வாசுதேவனிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

"ரெண்டு நாள் முன்னாடி சொல்லணும்னு தெரியும் இல்ல?" என்றார்.

"சொல்லிகினுதான கீறேன் சார். இன்னிக்கு புதன்."

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். "பன்னெண்டுக்கு வந்துடுவ இல்ல?"

"ஓடியாந்துடுவேன் சார்."

வெள்ளிக்கிழமை காலை மண்டபத்தில் மேளம் கொட்ட, அன்பரசி மூன்றாவது முடிச்சைப் போட்டாள். கூட்டம் அட்சதை போட்டு முடிப்பதற்குள் பொன்னியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். பட்டுப்புடவையும் பட்டுப்பாவாடையுமாக வந்து நின்றவர்களைப் பார்த்து ஜோதிலட்சுமி டீச்சர், "கிளாஸுக்கு இவ்ளோ அலங்காரமா?" என்றாள். பொன்னி கன்னத்தில் சந்தனத்தோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாடம் படித்தாள். டீச்சருக்கு அன்றைக்கு அரைப் பை லட்டு கிடைத்தது.

திரும்பும்போதுதான் வம்பு. முகூர்த்த நாள் என்பதால் திருக்கழுக்குன்றத்தில் கார்களும் வேன்களும் மாட்டிக்கொண்டு பஸ் நகரவில்லை. பதினொன்று ஐம்பதுக்கு அன்பரசி போன் போட்டாள்.

"சார், பஸ்ஸு நின்னுடுச்சு. இறங்கி நடந்துகினு கீறேன்."

"எங்க?"

"மலை அடிவாரம் சார்."

"அங்கேருந்து நடந்தா நீ தீபாவளிக்குத்தான் வருவ. பஸ்லயே ஏறு" என்று வைத்துவிட்டார்.

பொன்னி தோளில் கிடந்து தூங்க, மறுபடி பஸ்ஸில் ஏறி நின்ற அன்பரசிக்கு அந்த முக்கால் மணி நேரம் முழுக்க மணிச் சத்தம்தான் காதில். இத்தனை பேரைக் கோத்து வைத்துவிட்டு, கடைசியில் தான் ஒருத்தியால் லோடு நின்றதென்றால் எந்த முகத்தோடு உள்ளே போவது? மடிப்பு மேசை எட்டுக் கை வேலை. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேராக நின்று இழுத்துப் பிடித்தால்தான் பெரிய பெட்ஷீட் மடியும். ஒரு ஆள் குறைந்தால் எதிரில் நிற்கிறவளும் சும்மா நிற்க வேண்டியதுதான்.

பன்னிரண்டு நாற்பத்தைந்துக்கு உள்ளே நுழைந்தாள். மேசையில் நான்கு பேர் இருந்தார்கள். அவள் நிற்கிற மூலையில், சட்டைக் கையை முழங்கைவரை மடித்து விட்டுக்கொண்டு, வாசுதேவன் நின்றிருந்தார். எதிரில் ரேணுகா.

"சார், அந்த முனைய எனுக்குக் குடுங்க. அய்ய, அது இல்ல, அந்தாண்ட முனை" என்று ரேணுகா அவரை விரட்டிக்கொண்டிருந்தாள். "கேன்டீன்ல மேச விரிப்பு மடிச்சதே இல்லியா நீங்க?"

"நான் ஸ்டோர்மா. எண்ணி வைக்கிறதுதான் என் வேலை."

"நல்லா எண்ணீங்க. இது நாப்பத்து மூணாவது. ஒண்ணாச்சும் நேரா கீதா?"

கார்த்தி அலுவலக அறைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். அன்பரசி பொன்னியைத் துணிமூட்டை மேல் உட்காரவைத்துவிட்டு, பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். வாசுதேவன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாப்பத்தஞ்சு நிமிஷம். எட்டே முக்காலுக்குத்தான் போகணும்."

"போறேன் சார்."

"போ, போயி முகம் கழுவிட்டு வா. சந்தனம் ஷீட்ல ஒட்டிச்சுன்னா மறுபடி துவைக்கணும்."

ஐந்து நாற்பதுக்கு லோடு வண்டியில் ஏறியது. வண்டி சாலைக்கு ஏறும்வரை எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்கள். கார்த்தி உள்ளே போய்ச் சுவரில் இருந்த எட்டு முதல் ஐந்து தாளை உரித்தான். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் பாதிதான் வந்தது. மிச்சத்தை ஜெரோம் ஈரத்துணி வைத்துத் தேய்த்து எடுத்தான்.

வாசுதேவன் அன்பரசியின் அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பேனாவை எடுத்து, பதினைந்து ஜோடிக்குக் கீழே, பதினாறு என்று எண் போட்டார்.

"உன் பேரை நான் எழுதுறேன். நீ எழுதினா விட்டுடுவ" என்றார். அன்பரசி என்று நிறுத்தி நிதானமாக எழுதினார். எதிரில் ஜோடி என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, வாசுதேவன் என்று எழுதினார்.

"செவ்வா வெள்ளி எப்பவாச்சும் பஸ் நின்னா நான் பார்த்துக்கறேன். அடிக்கடி நிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

இருபது வருஷத்தில் ஆயிரக்கணக்கான பேர் எழுதிய அன்பரசி, தன் பேரை வேறொருவர் எழுதுவதை அன்றைக்குத்தான் நின்று பார்த்தாள். எழுத்து கோணலாகத்தான் இருந்தது.

"இன்னா கலர் போடறது?" என்றார் வாசுதேவன். "எனக்கு உங்க வகையறா ஒண்ணும் கெடையாதே."

மூட்டைமேல் இருந்து இறங்கி வந்திருந்த பொன்னி, மேசை விளிம்பில் மோவாயை வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி வாயை நன்றாகத் திறந்து, ஊர் கேட்கிற குரலில் கூப்பிட்டாள்.

"அத்த!"

ரேணுகா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜெரோம் ஈரத்துணியை முகத்தில் வைத்துக்கொண்டான். வாசுதேவன் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, குழந்தையை ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தார்.

"இன்னாம்மா?" என்றார்.

அன்றிலிருந்து அந்த லாண்டரியில் அவருக்கு அதுதான் பேர். நேரில் சார் என்பார்கள், மெஷின் சத்தத்தில் அத்தை என்பார்கள். ஷிப்ட் மாற்ற வேண்டும் என்றால், "போய் அத்தையாண்ட சொல்லு" என்பார்கள். அட்டையில் அவர் பேருக்குப் பக்கத்தில் பொன்னி போட்ட ஊதா நிறக் கோடு இருக்கிறது. இப்போது அது மூன்றாவது அட்டை. செவ்வாயும் வெள்ளியும் பன்னிரண்டு மணிக்கு அன்பரசி உள்ளே வருகிறாள். பொன்னியின் பேச்சு இப்போதெல்லாம் "அத்த" என்பதோடு நிற்பதில்லை, பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை பேசுகிறாள். கொஞ்சம் வாயை மூடு என்று ஒரு நாள் அன்பரசியே சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு, பக்கத்து சீட்டுக்காரி என்னவென்று கேட்கிற அளவுக்குத் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தாள்.